டிரம் அண்ட் பேஸ், பிரேக்பீட், சில்-அவுட்: புது ஆல்பம் வாங்குவோருக்குக் கேள்வி-பதில்

கேள்வி: இதுவரை மெதுவான, அமைதியான மின்னணு இசையான சில்-அவுட் மட்டுமே வாங்கி வந்தேன். டிரம் அண்ட் பேஸ் என்ற வேகமான மின்னணு இசையில் புதிதாக வரும் ஆல்பங்களையும் வாங்க ஆசை. ஆனால் கடையில் தரும் மாதிரித் துண்டைப் போனில் கேட்டால் ஒரே படபடப்பு. எனக்கு இது ஒத்துவராதா?

பதில்: அந்தத் துண்டை வைத்து முடிவுக்கு வராதீர்கள். மாதிரிக்குப் பெரும்பாலும் டிரம் முழு வீச்சில் இறங்கும் இடத்தைத்தான் எடுப்பார்கள். அதற்கு முன்னால் மெல்லக் கட்டியெழுப்பும் தொடக்கம் ஒன்று இருக்கும். சில்-அவுட் கேட்டுப் பழகியவருக்குப் பிடிக்கிற பகுதியே அதுதான். அப்புறம், போனில் கேட்டதாகச் சொல்கிறீர்கள். இந்த இசையின் அடிநாதமான பேஸ் 40, 50 ஹெர்ட்ஸ் வரைக்கும் இறங்கும். போனின் சின்ன ஸ்பீக்கரால் அதைத் தரவே முடியாது. பேஸ் போய்விட்டால் மிஞ்சுவது டிரம் மட்டும். படபடக்கத்தான் செய்யும்.

நல்ல ஹெட்போனில் ஒரு டிராக்கை முழுதாகக் கேளுங்கள். டிரம் நிமிடத்துக்கு 174 பீட் என்று மேல்காலத்தில் ஓடும். பேஸ் பெரும்பாலும் அதில் பாதியாக, 87-இல், கீழ்க்காலத்தில் நடக்கும். டிரம்மை விட்டுவிட்டு பேஸோடு தலையாட்டிப் பாருங்கள், வேகம் உறுத்தாது. 'லிக்விட்' என்று குறித்திருக்கும் ஆல்பங்களில் தொடங்கலாம். அவற்றில் ராகமும் குரலும் முன்னால் நிற்கும். பிரிட்டிஷ் டிஜே எல்டிஜே பூக்கெம் 1996-இல் தந்த 'லாஜிக்கல் புரொக்ரஷன்' தொகுப்பை முதலில் கேட்டுவிடுங்கள். அது பிடித்துவிட்டால் புது லிக்விட் ஆல்பங்களைத் தயங்காமல் வாங்கலாம். அதுவும் வேகம் என்று பட்டால், பழைய பாட்டுகளின் டிரம் துண்டுகளைக் கொண்டு கட்டும் பிரேக்பீட் பக்கம் போங்கள். அங்கே பெரும்பாலும் 120-இலிருந்து 140 வரைதான்.

கேள்வி: ஒரே ஆல்பம். ஒரு பதிப்பில் ஒற்றை வினைல் இசைத்தட்டாகவும், வேறொரு பதிப்பில் இரட்டை வினைலாகவும் வருகிறது. டிராக்குகள் ஒன்றுதான், விலை மட்டும் அதிகம். இரட்டை வாங்குவதில் லாபம் உண்டா?

பதில்: டிரம் அண்ட் பேஸ் என்றால் உண்டு. நான் இரட்டையைத்தான் வாங்கச் சொல்வேன். பேஸ் பலமாக இருந்தால் தட்டில் வெட்டும் பள்ளம் இரண்டு பக்கமும் அகலமாக அலையும், இடம் நிறைய வேண்டும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் ஒரு பக்கத்தில் 20 நிமிடத்துக்கு மேல் அடைத்தால், வெட்டுபவர் ஒலி அளவைக் குறைக்க வேண்டும், அல்லது பேஸைக் கழிக்க வேண்டும். வேறு வழியில்லை. பக்கத்துக்கு இரண்டு டிராக் மட்டும் வைத்து 45 வேகத்தில் வெட்டிய பதிப்பு கிடைத்தால் இன்னும் நல்லது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 33⅓ வேகத்தில் தட்டின் வெளிவிளிம்பில் ஊசிக்கு அடியில் விநாடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது. தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் காகித லேபிளை நெருங்கும்போது அது சுமார் 20-ஆகக் குறைந்துவிடும். அதே ஒலியைக் குறைந்த நீளத்தில் நெருக்கி எழுத வேண்டியிருப்பதால் ஹை-ஹேட், சிம்பல் போன்ற டிரம்மின் கூரிய உலோக ஒலிகள் எல்லாம் அங்கே மங்கும், சில சமயம் கரகரக்கும். உங்களுக்குப் பிடித்த டிராக் ஒரு நீண்ட பக்கத்தின் கடைசியில் இருக்கிறதா என்று பட்டியலில் பார்த்துவிட்டு வாங்குங்கள். டிரம்மே இல்லாத, மெதுவாக மிதக்கும் சில்-அவுட் ஆல்பத்துக்கு இந்தக் கவலை குறைவு. அதற்கு ஒற்றைத் தட்டே போதும்.

கேள்வி: ஒரு புதிய பிரேக்பீட் தொகுப்பிலிருந்து ஒரே ஒரு டிராக்கை வாங்கினேன். தொடக்கத்தில் வேறொரு பாட்டின் டிரம் கேட்கிறது, முடிவும் பாதியில் அறுந்துவிடுகிறது. ஃபைல் பழுதா?

பதில்: பழுது இல்லை. நீங்கள் வாங்கியது, பாட்டுகளை இடைவெளியின்றி ஒன்றோடொன்று கலந்து டிஜே மிக்ஸ் செய்த பதிப்பின் ஒரு துண்டு. இப்படிப்பட்ட தொகுப்புகள் பல சமயம் மிக்ஸ்டு, அன்மிக்ஸ்டு என இரண்டு விதமாகவும் வரும். தனி டிராக் வேண்டுமென்றால், அதுவும் நீங்களே டிஜே என்றால், அன்மிக்ஸ்டு மட்டும் வாங்குங்கள். விற்பனைப் பக்கத்தில் 'மிக்ஸ்டு' என்று எங்கும் சொல்லவில்லையென்றால், அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பி உடனே மாற்றித் தரக் கேளுங்கள்.

கேள்வி: எம்பி3 வாங்கினால் பேஸ் குறையும் என்கிறார்கள். ஒலி இழப்பில்லாத ஃபைல் வகையான ஃப்ளாக் வாங்க வேண்டுமா?

பதில்: 320 கேபிபிஎஸ் எம்பி3-இல் பேஸ் அப்படியே இருக்கும். குறைந்த தரத்தில் முதலில் அடிபடுவது மேல் சுருதிகள். இருந்தாலும் விலை ஒன்றுதான் என்றால் ஃப்ளாக்கே எடுங்கள். அதிலிருந்து எம்பி3 எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம், எம்பி3-யிலிருந்து திரும்ப முடியாது. ஃப்ளாக் என்று விற்ற ஃபைலில் சந்தேகம் வந்தால் ஒலியில் எந்தச் சுருதி வரை இருக்கிறது என்று படமாகக் காட்டும் ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் திறந்து பாருங்கள். முழு ஆல்பமும் 16 கிலோஹெர்ட்ஸில் கத்தரித்தது போல நின்றால், எம்பி3-யை ஃப்ளாக்காக மாற்றி விற்றிருக்கிறார்கள் என்று பெரும்பாலும் முடிவுகட்டலாம்.

கேள்வி: எல்லாம் ஸ்ட்ரீமிங்கில் கிடைக்கிறதே, ஆல்பத்தை ஏன் முன்பதிவு செய்து வாங்க வேண்டும்?

பதில்: செய்தவருக்குப் பணம் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக. இந்த இசைக்கு அது பழைய கடன். தி வின்ஸ்டன்ஸ் குழு 1969-இல் பதிவு செய்த ஒரு பாட்டில் கிரிகரி கோல்மன் வாசித்த சில விநாடி டிரம்தான் 'ஆமென் பிரேக்'. அதை வெட்டி ஒட்டித்தான் டிரம் அண்ட் பேஸும் அதன் முன்னோடியான ஜங்கிள் இசையும் வளர்ந்தன. ஆயிரக்கணக்கான டிராக்குகளில் அது ஒலிக்கிறது. கோல்மனுக்கு அதற்காக ராயல்டி என்று எதுவுமே வரவில்லை. 2006-இல் அவர் இறந்துவிட்டார். 2015-இல்தான் ரசிகர்கள் நிதி திரட்டி, குழுவின் தலைவருக்கு 24,000 பவுண்டு கொடுத்தார்கள். இன்று வாசிப்பவருக்கும் இதே கதி வரக் கூடாது. கலைஞர்களே இசையை விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் நேரடியாக வாங்கினால், டிஜிட்டல் விற்பனையில் தளம் 15 சதவீதம் எடுக்கிறது. மீதியில் பணப் பரிமாற்றக் கட்டணம் போக எல்லாம் கலைஞருக்கோ, ஆல்பத்தை வெளியிடும் நிறுவனமான லேபிளுக்கோ போகிறது. 2020 மார்ச்சில் தொடங்கிய 'பேண்ட்கேம்ப் ஃபிரைடே' நாட்களில் அந்த 15-ஐயும் விட்டுக்கொடுக்கிறார்கள்.

முன்பதிவுக்கு முன் ஒன்று பாருங்கள். லேபிள்கள் ஆல்பத்துக்கு முன்பே மூன்று, நான்கு டிராக்குகளை சிங்கிளாக விட்டுவிடும். அவற்றை நீங்கள் ஏற்கெனவே வாங்கியிருந்தால், மீதி டிராக்குகளின் தனி விலையைக் கூட்டி ஆல்பத்தின் விலையோடு ஒப்பிடுங்கள். எது குறைவோ அதை வாங்குங்கள்.