5 லட்சம் வாங்கிக் கையெழுத்தும் போட்டாச்சு, இனி கேட்க முடியுமா?

கேள்வி: என் கணவர் சாத்தூர் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் பேன்சி ரக வெடி அறையில் தினம் 600 ரூபாய் கூலிக்கு வேலை பார்த்தார். வயது 40. 2025 பிப்ரவரியில் மருந்து உராய்ந்து வெடித்ததில் இறந்துவிட்டார். பிணவறை வாசலில், உடலை வாங்க மாட்டோம் என்று சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்தபோது ஆலைத் தரப்பில் 5 லட்சத்துக்குச் செக் கொடுத்து, 'இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்' என்று முத்திரைத்தாளில் என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். மருந்தைக் கீழே போட்டது அவர்தான் என்று பழியும் போடுகிறார்கள். என் கொழுந்தனாரே அவர்கள் பக்கம் பேசுகிறார். இப்போது போர்மேன் மேல் உள்ள போலீஸ் கேஸை ரத்து செய்ய நான் ஒரு பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் மேலும் 2 லட்சம் தருவார்களாம். இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகிறார்கள். என்ன செய்வது?

பதில்: கொழுந்தனார் விஷயத்தை விடுங்கள், அதற்குச் சட்டத்தில் மருந்து கிடையாது. மருந்தைக் கீழே போட்டது யார் என்ற பேச்சும் வேண்டாம். ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் 3-வது பிரிவுப்படி, வேலையின்போது நடந்த விபத்தில் ஊழியர் இறந்துவிட்டால், அவருடைய கவனக்குறைவைக் காட்டி முதலாளி தப்ப முடியாது. அவர்களுடைய வக்கீலுக்கும் இது தெரியும். உங்களைக் குற்ற உணர்ச்சியில் வைத்திருக்கத்தான் அந்தப் பேச்சு.

உங்கள் வழக்கில் ஒரே ஒரு கேள்விதான். அன்றைக்கு அந்த அறையில் உங்கள் கணவர் அந்த ஆலையின் வேலையாளாக இருந்தாரா? இதை நிரூபித்தால் மற்றதெல்லாம் கணக்குதான். இழப்பீட்டுக் கணக்கில் எடுக்கும் மாதச் சம்பள உச்சவரம்பு 15,000. அதில் பாதி 7,500. 40 வயதுக்குச் சட்டத்தின் அட்டவணையில் உள்ள காரணி 184.17. பெருக்கினால் 13,81,275 ரூபாய். ஒரு மாதத்துக்குள் கட்டாததால் 12 சதவீத வட்டி, அதாவது வருடத்துக்கு ஏறக்குறைய 1,65,000. தொழிலாளர் சட்டங்களெல்லாம் மாறிவிட்டன என்று யாராவது சொன்னால் குழம்பாதீர்கள். புதிய தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21-ல்தான் அமலுக்கு வந்தது. உங்கள் விபத்து அதற்கு முந்தையது, 1923-ம் வருட ஊழியர் இழப்பீட்டுச் சட்டம்தான் பேசும். அவருக்கு இ.எஸ்.ஐ. எண் இருந்ததா என்று மட்டும் முதலில் பாருங்கள். இருந்தால் வழியே வேறு. இந்தத் தொகை கிடையாது, மாதாமாதம் சார்ந்தோர் உதவித்தொகை வரும்.

சரி, அந்த முத்திரைத்தாள். அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். இறந்த ஊழியருக்கான இழப்பீட்டைத் தொழிலாளர் துறையின் இழப்பீட்டு ஆணையரிடம்தான் கட்ட வேண்டும், குடும்பத்தின் கையில் நேராகக் கொடுத்தால் அது இழப்பீடாகவே ஆகாது என்கிறது 8-வது பிரிவு. மூன்று மாதச் சம்பளம் வரை முன்பணமாகக் கொடுத்ததை மட்டும் கழிக்கலாம். உரிமையை விட்டுக்கொடுத்து எழுதிய ஒப்பந்தம் செல்லாது என்பது 17-வது பிரிவு. ஆனால் 5 லட்சம் வாங்கியதை மனுவில் மறைக்காதீர்கள். எப்படியும் செக் நகலோடு வருவார்கள். மறைத்தது தெரிந்தால் நீங்கள் சொல்லும் மற்ற உண்மைகளையும் ஆணையர் சந்தேகப்படுவார்.

எனக்குப் பயம் அந்த 2 லட்சத்தின் மேல்தான். பிரமாணப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்தீர்களா? நான் பார்த்தவற்றில் பெரும்பாலும் இந்த வரி இருக்கும்: 'என் கணவர் மேற்படி ஆலையில் வேலை செய்யவில்லை, உள்குத்தகைக்காரரிடம் பாக்கிக் கூலி கேட்கப் போனபோது விபத்தில் சிக்கினார்.' போர்மேனைக் காப்பாற்ற எழுதியது போலத் தோன்றும். உண்மையில் உங்கள் இழப்பீட்டுக்கே குழி தோண்டும் வரி அது. பழைய தாளில் உரிமையை விட்டுக்கொடுத்தீர்கள், சட்டம் அதை ஏற்காது. இதில் உண்மையையே மாற்றிச் சத்தியம் செய்கிறீர்கள். இதிலிருந்து உங்களைக் காப்பாற்ற எந்தப் பிரிவும் இல்லை.

என் கட்சிக்காரர் ஒருவர், உங்களைப் போலவே ஒரு விதவை, குற்றவியல் கோர்ட்டில் கூண்டேறி 'அன்னைக்கு அவர் வேலைக்குப் போகலை' என்று சொல்லிவிட்டு வந்தார். என்னிடம் சொல்லவே இல்லை. இழப்பீட்டு விசாரணையில் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் அந்தச் சாட்சியத்தின் சான்று நகலை எடுத்து நீட்டியபோதுதான் எனக்கே தெரியும். அதற்கு மேல் நான் என்ன வாதாடுவது? தினமும் அவருடைய கணவரை ஏற்றிப்போன வேன் டிரைவர் சொன்னதும் எடுபடவில்லை. மனைவியே வேலைக்குப் போகலை என்கிறாரே.

உள்குத்தகை என்று அவர்கள் சொன்னாலும் பயப்பட வேண்டாம். ஒப்பந்தக்காரர் வைத்த ஆளாக இருந்தாலும் 12-வது பிரிவில் ஆலை முதலாளியே பொறுப்பு. தவிர, உள்குத்தகைக்கு விடுவது உரிம நிபந்தனையையே மீறுவது. கோர்ட்டில் வாய்விட்டு அதைச் சொன்னால் லைசென்ஸுக்கே ஆபத்து. அதனால்தான் அந்தப் பொய்யை உங்கள் வாயால் வரவழைக்கப் பார்க்கிறார்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டுச் சொல்கிறேன், சமாதானமாகப் போங்கள். ஆனால் டீக்கடையிலோ பிரமுகர் வீட்டுத் திண்ணையிலோ வேண்டாம். மனுவைப் போட்டுவிட்டு, தொழிலாளர் துறையில் இழப்பீட்டு ஆணையராக இருக்கும் அதிகாரியின் முன்னால் பேசுங்கள். விபத்துக்குப் பிறகு ஆலைக்குச் சீல் வைத்திருந்தால் திறக்கும் அவசரம் அவர்களுக்கு. பேரம் பேச உங்களுக்கு அதுவே நல்ல நேரம். அசலில் ஒரு ரூபாய் குறைக்காதீர்கள். தாமதத்துக்கு 50 சதவீதம் வரை அபராதம் கேட்கலாம். அதை விட்டுக்கொடுங்கள், வட்டியில் கொஞ்சமும் விடலாம். பிடிவாதமாக முழுசும் கேட்டு ஜெயித்தால், அவர்கள் பணத்தைக் கட்டிவிட்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் மேல்முறையீடு போடுவார்கள். உங்கள் பெரிய பிள்ளை கல்லூரி முடித்த பிறகு தீர்ப்பு வரலாம். மாமியார் விதவை என்றால் அவரையும் மனுவில் சேர்த்துவிடுங்கள். அவருக்கும் பங்கு உண்டு, விட்டுவிட்டால் அந்தப் பக்கமிருந்து ஒரு தடை கிளம்பும்.

கெடு 2027 பிப்ரவரி. விபத்திலிருந்து இரண்டு வருடம். பேச்சுவார்த்தை நடக்கிறதே என்று இருந்து கெடுவைத் தாண்டவிட்டவர்களையும் பார்த்திருக்கிறேன், அதனால் மனு முதலில், பேச்சு அப்புறம். அதற்குள் எஃப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை அறிக்கை, தொழிலகப் பாதுகாப்புத் துறையின் விபத்து அறிக்கை ஆகியவற்றின் நகல்களை வாங்குங்கள். கடைசியது தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் கிடைக்கும். சனிக்கிழமைக் கூலி எழுதிய நோட்டு வீட்டில் இருக்கிறதா? இருந்தால் வக்கீலிடம் ஜெராக்ஸை மட்டும் கொடுங்கள். அசல் உங்கள் பீரோவிலேயே இருக்கட்டும், கொழுந்தனார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம்.