உப்புக் காற்றும் வீட்டுக் கணினியும்: வாசகர் கேள்வி–பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பல, "கம்ப்யூட்டர் ஓடவில்லை, என்ன செய்வது?" என்ற ஒரே வரியோடு முடிந்துவிட்டன. அவற்றுக்குப் பதில் எழுத முடியாமல் எடுத்து வைக்க வேண்டியிருந்ததில் எனக்கு உண்மையாகவே வருத்தம். திரையில் என்ன எழுதியிருந்தது, பெட்டியில் எந்த விளக்கு எந்த நிறத்தில் எரிந்தது, பழுது வருமுன் வீட்டில் எது மாறியது என்பதை எழுதுங்கள். கீழே உள்ளவர்கள் பார்த்ததைப் பார்த்தபடியே எழுதியிருந்தார்கள். அதனால்தான் அவர்களுக்கு இங்கிருந்தே வழி சொல்ல முடிகிறது.

கேள்வி: எங்கள் வீடு கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ரூட்டரிலிருந்து மேசைக் கணினிக்கு கேபிள் வழியாக இணையம் வருகிறது. ஐப்பசி பிறந்ததிலிருந்து இணைப்பு தானாக அறுந்துபோகிறது. கேபிளைப் பிடுங்கித் திரும்பச் செருகினால் சிறிது நேரம் வருகிறது. இரண்டு முறை கேபிளை மாற்றியாகிவிட்டது. காலை ஐந்து மணிக்கு மோசமாக இருப்பது, உச்சி வெயிலில் சரியாகிவிடுகிறது. கைப்பேசியில் வைஃபை எந்நேரமும் நன்றாகவே வருகிறது.
– வாசகர், பாம்பன்

பதில்: தங்களது கடைசி இரண்டு வரிகளே பழுதைக் காட்டிக்கொடுத்துவிட்டன. கைப்பேசிக்கு இணையம் தடையின்றி வருகிறதென்றால், வெளியிலிருந்து வரும் இணைப்பிலும் ரூட்டரிலும் பெரிய குறை இல்லை. கேபிளை இரண்டு முறை மாற்றியும் தீரவில்லையென்றால், குறை கேபிளிலும் இல்லை. அது போய்ச் செருகும் துளையில் இருக்கிறது.

மழைக்காலத்தில் அடுக்களையில் உப்புச் சாடி நீர்விட்டுக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது உப்பு அந்த ஈரத்தை உறிஞ்சிக் கரையத் தொடங்குகிறது. கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால், அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே கசகசத்துப் போகிறது. கடற்காற்றோடு வரும் நுண்ணிய உப்புத் துகள்கள் துளைக்குள் இருக்கும் எட்டுக் கம்பிகளின் மேல் படிந்து, ஈரம் மிகுந்த விடியற்காலையில் கரைந்து, அவற்றின் மெல்லிய தங்கப் பூச்சுக்குக் கீழே உள்ள செம்புக் கலவையை அரிக்கின்றன. கேபிளைப் பிடுங்கிச் செருகும்போது அந்த அரிப்புப் படலம் உராய்ந்து விலகுவதால்தான் சிறிது நேரம் வேலை செய்கிறது.

கணினியை நிறுத்தி, மின்சாரச் செருகியையும் எடுத்துவிட்டு, கைப்பேசி விளக்கைத் துளைக்குள் அடித்துப் பாருங்கள். கம்பிகள் தங்க நிறமாக மின்ன வேண்டும். பச்சையாகவோ வெளிர்நீலமாகவோ மாவு பூத்திருந்தால், மின்னணுப் பாகங்களைத் துடைக்கப் பயன்படும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய தூரிகையால் கம்பியின் போக்கிலேயே தடவி எடுத்து, கால் மணி நேரம் உலரவிட்டுச் செருகுங்கள். கை கழுவும் சானிடைசரை இதற்குப் பயன்படுத்த வேண்டாம்; அதில் தண்ணீரும் கிளிசரினும் சேர்ந்திருக்கும். கம்பிகள் அரித்துக் குழிவிழுந்திருந்தாலும் கணினியின் முதன்மைச் சுற்றுப் பலகையான மதர்போர்டை மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் உடனே ஒப்புக்கொள்ளாதீர்கள். யூ.எஸ்.பி. துளையில் செருகி, இணையக் கேபிளை அதில் மாட்டிக்கொள்ளும் லேன் அடாப்டர் ஒன்றை வாங்கினால் போதும்.

சென்ற ஆண்டு தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டில் கணினி உயிர் பெறவே இல்லை. சி.பி.யூ. பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி ராம் என்னும் நினைவக அட்டையை எடுத்தபோது, அதன் தங்க நிற விளிம்பு விரலில் பிசுபிசுத்தது. அந்த வீட்டுப் பிள்ளையின் பென்சில் பெட்டியிலிருந்த வெள்ளை அழிப்பானை வாங்கி மெல்லத் தேய்த்தேன். அழிப்பானில் கரும்பச்சைக் கோடு விழுந்தது. துகளைத் தட்டிவிட்டு அட்டையைத் திரும்பப் பொருத்தியதும் திரை வந்துவிட்டது. அந்தக் கணினி கடலைப் பார்த்த சன்னலுக்கு நேர் கீழே, தரையில் இருந்தது. இப்போது எதிர்ச் சுவரோரம், முக்காலியின் மேல் இருக்கிறது.

கரையோரத்தில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கணினியை வாரக்கணக்கில் மூடிப்போட்டு வைப்பதைவிட, நாள்தோறும் சிறிது நேரம் ஓடவிடுவது நல்லது. உள்ளே எழும் சூடே ஈரத்தை அண்டவிடாது. துணி உறையை நிறுத்திய பிறகு, சூடு தணிந்ததும் போடுங்கள், ஓடும்போது போடாதீர்கள்.

கேள்வி: கணினியைப் போடும்போதெல்லாம் தேதி 2012 ஜனவரி 1 என்று காட்டுகிறது. எந்தத் தளத்தைத் திறந்தாலும் "இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று வருகிறது. மகளின் கல்லூரி விண்ணப்பத்தை அனுப்ப முடியவில்லை. கடையில் வைரஸ் என்கிறார்கள்; எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட வேண்டுமாம்.
– வாசகி, தொண்டி

பதில்: அழிக்க வேண்டாம் அம்மா, பொறுங்கள். மதர்போர்டின் மேல் ஒரு ரூபாய்க் காசு அளவில் சி.ஆர்.2032 என்ற 3 வோல்ட் பொத்தான் பேட்டரி ஒன்று இருக்கும். மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது தீர்ந்துவிட்டதால் கணினி ஒவ்வொரு முறையும் பழைய தேதிக்குப் போய்விடுகிறது. ஒவ்வொரு இணையத்தளமும் தன் அடையாளத்துக்கு ஒரு சான்றிதழ் வைத்திருக்கிறது. அது இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை செல்லும் என்ற வரம்பு உண்டு. 2012இல் இருப்பதாக நினைக்கும் கணினிக்கு இன்றைய சான்றிதழ் செல்லாததாகத் தெரிவதால் தளத்தைத் திறக்க மறுக்கிறது. இன்றைக்கே அவசரமென்றால் தேதியையும் நேரத்தையும் கையால் திருத்திவிட்டு விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள். பிறகு பேட்டரியை மாற்றுங்கள். கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும், விலையும் சொற்பம். மாற்றிய பிறகும் தேதி பின்னால் போனால் மட்டும் மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: ஓய்வு பெற்ற ஆசிரியன் நான். பிரிண்டர் பழுதானதால் வாடிக்கையாளர் சேவை எண்ணை இணையத்தில் தேடி, முதலில் வந்த எண்ணை அழைத்தேன். மரியாதையாகப் பேசினார்கள். ஒரு மென்பொருளை இறக்கச் சொல்லி, அதில் வந்த ஒன்பது இலக்க எண்ணைக் கேட்டார்கள். பிறகு பத்து ரூபாய் கட்டணம் என்று வங்கிப் பக்கத்தைத் திறக்கச் சொன்னார்கள். 48,000 ரூபாய் போய்விட்டது. பிள்ளைகளிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.
– வாசகர், தேவிபட்டினம்

பதில்: ஐயா, வெட்கப்பட வேண்டியவர் தாங்கள் அல்லர். தங்களது கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இதை எழுதி அனுப்பியதற்காக நன்றி சொல்கிறேன். பிள்ளைகளிடம் இன்றே சொல்லிவிடுங்கள். தொலைபேசியில் பேசவும் படிவம் நிரப்பவும் பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும்.

அந்த ஒன்பது இலக்க எண், தங்களது கணினியைத் தொலைவிலிருந்து இயக்குவதற்கான திறவுகோல். அதைக் கொடுத்த பிறகு, தாங்கள் தட்டியது, திரையில் தெரிந்தது எல்லாவற்றையும் அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே முதலில் கணினியின் இணைய இணைப்பைத் துண்டியுங்கள். அந்தக் கணினியைத் தொடாமல், வேறொரு கைப்பேசியிலிருந்து வங்கிக் கடவுச்சொல்லையும் மின்னஞ்சல் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். வங்கிக்குத் தெரிவித்துக் கணக்கை முடக்கச் சொல்லிப் புகார் எண்ணைப் பெற்றுக்கொள்ளுங்கள். அதே மூச்சில் இணையக் குற்றங்களுக்கான 1930 என்ற தேசிய உதவி எண்ணை அழையுங்கள். பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவிக்கொண்டே இருக்கும். அவர்கள் அதை எடுப்பதற்குள் வழியில் நிறுத்திவைக்க முடிந்தால்தான் மீட்க வழி உண்டு என்பதால், இதில் மணி நேரம்கூடப் பெரிது. எழுத்து வடிவப் புகாரை சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் என்ற அரசுத் தளத்தில் பதிய வேண்டும்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளர் தாமே விவரங்களைக் கொடுத்து ஏமாந்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஏற்பட்ட இழப்பு அவருடையது; தெரிவித்த பிறகு ஏற்படும் இழப்பு வங்கியுடையது. கூச்சத்தால் ஒரு நாள் தள்ளிப்போட்டால் மீதமிருக்கும் பணமும் ஆபத்தில் நிற்கும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். சேவை எண் வேண்டுமென்றால் பிரிண்டரின் முதுகில் ஒட்டியிருக்கும் சீட்டிலும் அதனோடு வந்த கையேட்டிலும் பாருங்கள். தேடலில் மேலே வருவது பல நேரம் காசு கொடுத்துப் போட்ட விளம்பரம்.

திடீரென்று திரை முழுவதும் சிவந்து, "வைரஸ் வந்துவிட்டது, இந்த எண்ணை அழையுங்கள்" என்று அலறுவதும் இதே கூட்டத்தாரின் வேலைதான். மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் தருவதே இல்லை. எஸ்கேப் விசையைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும், பிறகு மூடிவிடலாம். அதற்கும் அசையவில்லையென்றால் மின்பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுங்கள்.

கேள்வி: மகன் துபாயில் இருக்கிறான். வாட்ஸ்அப்பில் செய்தி போகிறது, படம் போகிறது. வீடியோவில் அழைத்தால் மட்டும் இணைப்பு கிடைக்காமல் நின்றுவிடுகிறது. மலேசியாவில் இருக்கும் தம்பியோடு நன்றாகப் பேச முடிகிறது. ரூட்டரை மாற்ற வேண்டுமா?
– வாசகி, கீழக்கரை

பதில்: மாற்ற வேண்டாம். தம்பியோடு பேச முடிவதே தங்களது வீட்டு இணைப்பு நன்றாக இருக்கிறது என்பதற்குச் சான்று. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப்பின் குரல் அழைப்புக்கும் வீடியோ அழைப்புக்கும் கட்டுப்பாடு இருக்கிறது. செய்திக்கும் படத்துக்கும் இல்லை. அங்கே அனுமதிக்கப்பட்ட போட்டிம் போன்ற செயலியை மகன் வைத்திருப்பார். அதையே தாங்களும் நிறுவிக்கொண்டால் முகம் பார்த்துப் பேசலாம். இணைப்பை வேறு நாட்டு வழியாகச் சுற்றிவிடும் வி.பி.என். போட்டுப் பேசச் சொல்லி யாராவது யோசனை சொன்னால், மகனிடம் அதை வற்புறுத்தாதீர்கள். தடையை மீற அதைப் பயன்படுத்துவது அந்நாட்டில் தண்டனைக்குரியது. அபராதமே 5 லட்சம் திர்ஹத்தில் தொடங்குகிறது.

கேள்வி: காலஞ்சென்ற என் தந்தையார் ஊர் வரலாற்றைக் கணினியில் தட்டச்சு செய்து வைத்திருந்தார். புதிய கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக இருக்கிறது. கோப்பு கெட்டுவிட்டதா?
– வாசகர், சாயல்குடி

பதில்: கெடவில்லை. அந்த அரைப்புள்ளிகள்தான் தங்கள் தந்தையார் மெய்யெழுத்துகளுக்கு வைத்த புள்ளிகள். பாமினி எழுத்துருவில் அரைப்புள்ளி விசையைத் தட்டினால் புள்ளி விழும். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடு பரவுவதற்கு முந்தைய அத்தகைய எழுத்துருக்களில், கணினி உள்ளே ஆங்கில எழுத்தையே சேமித்துக்கொண்டு, திரையில் மட்டும் தமிழ் வடிவத்தைக் காட்டியது. புதிய கணினியில் அந்த எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். பாமினியை நிறுவித் திறந்தால் கட்டுரை அப்படியே தெரியும். ஆனால் அதோடு விட்டுவிடாமல், யூனிகோடு மாற்றி ஒன்றில் பகுதி பகுதியாக இட்டு மாற்றிக்கொள்ளுங்கள். அப்போதுதான் கைப்பேசியிலும் படிக்கலாம், சொல்லைத் தேடவும் முடியும். இடையில் ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவையும் தமிழாக மாறி உளறும் என்பதால் ஒருமுறை கண்ணால் ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம். மூலக் கோப்பை அழித்துவிடாமல் ஒரு பென் டிரைவில் தனியே வைத்திருங்கள்.

கேள்வி: விண்டோஸ் 10ஐ இனி வைத்திருக்கலாமா?
– வாசகர், மண்டபம்

பதில்: ஓடும், ஆனால் 2025 அக்டோபர் 14க்குப் பிறகு அதற்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. பாட்டுக் கேட்கவும் கடிதம் தட்டவும் வைத்துக்கொள்ளுங்கள். வங்கி வேலையை மட்டும் அதில் செய்யாதீர்கள்.

கேள்வி: ஆறு நாளாக ஃபைபர் இணையம் இல்லை. பெட்டியில் சிவப்பு விளக்கு ஒன்று விட்டு விட்டு எரிகிறது, பக்கத்தில் எல்.ஓ.எஸ். என்று எழுதியிருக்கிறது. தொலைபேசியில் கேட்டால் ரூட்டரை அணைத்துப் போடச் சொல்கிறார்கள்; ஆள் வரவில்லை.
– வாசகர், ஏர்வாடி

பதில்: அந்தச் சிவப்பு விளக்குக்கு, கண்ணாடி இழை வழியாக ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். பெட்டிக்குப் பின்னால் மஞ்சள் நிற மெல்லிய ஒயர் கழன்றிருக்கிறதா, மேசைக் காலின் அடியில் நசுங்கியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அதன் முனையைக் கண்ணுக்கு நேரே பிடிக்காதீர்கள். அங்கே குறை இல்லையென்றால் இழை வெளியே எங்கோ அறுந்திருக்கிறது. எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் வராது.

இனி அழைக்கும்போது "நெட் வரவில்லை" என்று சொல்லாமல், "எல்.ஓ.எஸ். சிவப்பாக எரிகிறது, உள் ஒயரைச் சரிபார்த்துவிட்டேன்" என்று சொல்லி, புகாரின் பதிவு எண்ணான டாக்கெட் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012ஆம் ஆண்டு விதிகளின்படி, பதிவான ஒவ்வொரு புகாருக்கும் அந்த எண்ணைத் தர நிறுவனம் கடமைப்பட்டிருக்கிறது. குறித்த காலத்துக்குள் தீர்க்காவிட்டால், அந்த நிறுவனத்திலேயே உள்ள மேல்முறையீட்டு அதிகாரிக்கு 30 நாளுக்குள் எழுதலாம்; அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். டாக்கெட் எண் கையில் இல்லாமல் அந்தப் படியேற முடியாது என்பதால், இன்றைய அழைப்பின் நேரத்தையும் அவர்கள் சொல்லும் எண்ணையும் நாட்காட்டித் தாளிலேயே குறித்துக்கொள்ளுங்கள். விளக்கின் படம் ஒன்றையும் கைப்பேசியில் எடுத்து வையுங்கள்.