கழற்றி வீசுகிற மகள்

கேள்வி: அக்கா, என் மகளுக்கு 13 வயது. டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளை. பேச்சு குறைவு, சொன்னால் விளங்கும். தை மாதம் பெரியபிள்ளையானாள். நாப்கின் வைத்தால் உடனே கழற்றி முற்றத்தில் வீசுகிறாள். கருப்பையை எடுத்துவிடச் சொல்லி மாமியார் நெருக்குகிறார். நான் தோட்ட வேலைக்கும் போக வேண்டும். என்ன செய்வது?
– ஒரு தாய், ஒட்டுசுட்டான்

பதில்: தங்கச்சி, மாமியாரின் யோசனையை முதலில் ஓரமாக வையுங்கள். நோயில்லாத கருப்பையை எடுப்பது சின்ன வேலையல்ல, பெரிய சத்திரசிகிச்சை. மாற்றுத்திறனாளிகளுக்கும் தங்கள் கருவளத்தைக் காத்துக்கொள்ளும் உரிமை உண்டு என்கிற ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றிருக்கிறது. எடுத்துவிட்டால் பிள்ளைக்கு யாராலும் கெடுதல் வராது என்றும் சிலர் சொல்வார்கள். வரும், கரு தங்காததால் வந்தது வெளியே தெரியாது, அவ்வளவுதான்.

நாப்கினுக்கு வருவோம். வன்னி வெயிலில் அது ஒட்டி அரிக்கும். நாங்கள் பல்லைக் கடித்துப் பொறுக்கிறோம், அவள் கழற்றுகிறாள். பழைய பருத்திச் சேலையை மடித்து வைத்துப் பாருங்கள். குடும்பநல உத்தியோகத்தராகச் சைக்கிளில் வீடு வீடாகத் திரிந்த காலத்தில், நாப்கினைத் தொடவிடாத பிள்ளைகள் துணிக்கு இணங்கியதைப் பார்த்திருக்கிறேன். இரத்தம் இல்லாத நாட்களிலேயே பழக்குங்கள். சாப்பிடும் நேரம் மட்டும் அணியட்டும், பிறகு மெல்லக் கூட்டலாம். உள்ளாடையில் துணி வைக்கும் இடத்தைச் சுற்றிச் சிவப்பு நூலால் தைத்துவிட்டால் இடம் அவளுக்கே தெரியும். நீங்கள் மாற்றும்போது பக்கத்தில் நின்று பார்க்கட்டும். எப்போதும் அதே இடம், அதே வரிசை. மூடியுள்ள ஒரு வாளியை அவளுக்கென்றே வையுங்கள். வீசும் ஆசை அதற்குள் தீரட்டும்!

துணியைக் குளிர்ந்த நீரில் அலசிச் சவர்க்காரம் போட்டு, வெயில் படும் கொடியில் காயப்போடுங்கள். துடக்கு என்று வீட்டுக் கோடிக்குள் ஒளித்து வைத்தால் ஈரம் காயாது.

நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மாமியாருக்கு இவ்வளவு அக்கறை என்றால் மதியத்தில் அவர் மாற்றிவிடட்டும். உதவுவது நீங்கள் இருவர் மட்டுமே என்று மகளுக்குத் தெரிய வேண்டும். வேறு எவர் அவள் உடையைத் தொட்டாலும் கையைத் தள்ளிவிட்டுச் சத்தம் போடப் பழக்குங்கள்.

முதல் ஓரிரு ஆண்டுகள் நாள் முன்பின்னாக வருவது வழமை. இரத்தப்போக்கு ஏழு நாளைத் தாண்டினாலோ, ஒரு மணி நேரத்துக்குள் துணி நனைந்தாலோ, வலியைச் சொல்லத் தெரியாமல் தலையில் அடித்துக்கொண்டாலோ வைத்தியரிடம் கூட்டிப்போங்கள். இரத்தப்போக்கைக் குறைக்க மாத்திரையும் ஊசியும் உண்டு. டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களிடம் தைரொயிட் குறைபாடு அதிகம். அதுவும் இரத்தப்போக்கைக் கூட்டக்கூடும். அதற்கான இரத்தப் பரிசோதனையை நீங்களாகவே கேளுங்கள்.