அவளுக்குப் பழகிவிட்டதா?

வாசகர் கேள்வி (மலேசியா):

"அம்மா, எனக்கு 51 வயது. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தேன். இப்போது டவுனில் தாமான் குடியிருப்பில் வீடு, செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை. சின்ன வயசிலிருந்தே மோட்டார் சைக்கிள் என்றால் உயிர். கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே எந்த வண்டி என்று சொல்லிவிடுவேன். எனக்கு ஏற்ற வண்டியைப் பல வருஷமாகத் தேடுகிறேன். புதுப்பித்த பழைய யமஹா ஆர்எக்ஸ்இசட் ஒன்று விலைக்கு வருகிறது. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 பக்கமும் மனசு இழுக்கிறது. ஓய்வுக்காலச் சேமநிதியில் 50 வயதில் எடுக்க விடும் பணத்தை எடுத்தால் முடியும். மனைவிக்குச் சம்மதமில்லை. வண்டியின் அருமை அவளுக்குத் தெரியாது. அவள் ஓட்டுவது பழைய ஹோண்டா இஎக்ஸ்5. பின் பிரேக் கொஞ்சம் பிடிக்காது, ஆனாலும் அவளுக்குப் பழகிவிட்டது. விடியற்காலை 5 மணிக்கு அதில்தான் பள்ளி கேன்டீன் வேலைக்குப் போகிறாள். அவளை எப்படிச் சம்மதிக்க வைப்பது? எந்த வண்டி வாங்கலாம்?"

பதில்:

தம்பி, இந்த மாதிரிக் கடிதம் எனக்கு நிறைய வருகிறது. சிலருக்கு மோட்டார், சிலருக்குத் தூண்டில், சிலருக்குப் பந்தயப் புறா. உழைத்த மனுஷன் ஆசைப்படுவதில் தப்பென்ன என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். அதை எழுத எனக்கு மனம் வரவில்லை. போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரியைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை.

"பின் பிரேக் கொஞ்சம் பிடிக்காது, ஆனாலும் அவளுக்குப் பழகிவிட்டது."

என்ன பழகிவிட்டது? பிரேக் பிடிக்காத வண்டியில் பழகுவது என்றால், முன்னால் போகும் செம்பனை லோரிக்கு எட்டவே நின்று ஊர்வது. இறக்கத்தில் கியரைக் குறைத்துக் குறைத்து இறங்குவது. முன் பிரேக்கை மட்டும் நம்பி, மழை நாளில் ஒவ்வொரு வளைவிலும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்புவது. ஈர மண் ரோட்டில் முன் பிரேக்கை மட்டும் அழுத்தினால் என்ன ஆகும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? சூரியன் வர 7 மணி ஆகிற நாட்டில் காலை 5 மணி என்பது கும்மிருட்டு. இங்கே சாலை விபத்தில் சாகிறவர்களில் பாதிக்கும் மேல் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள்தான். இதெல்லாம் தெரிந்துதான் அந்த வரியை எழுதினீர்களா?

சத்தத்தை வைத்தே வண்டியைச் சொல்லிவிடும் காது உங்களுக்கு. வீட்டு வாசலில் தினமும் கிளம்பும் வண்டியின் பிரேக் தேய்ந்தது மட்டும் அந்தக் காதில் எப்படி விழாமல் போனது?

இஎக்ஸ்5-க்குப் பின்னால் டிரம் பிரேக். கால் மிதியிலிருந்து ஒரு கம்பி பின்னால் போய், சக்கரத்துப் பக்கத்தில் ஒரு நட்டில் முடியும். அந்த நட்டை முறுக்கினால் பிரேக் இறுகும். பெடலை விட்டதும் சக்கரம் உரசாமல் சுற்றுகிறதா என்று கையால் சுற்றிப் பார்த்துக்கொள்ள வேண்டும். மரை முழுதும் முடிந்தும் பிடிக்கவில்லையென்றால் உள்ளே பிரேக் ஷூ தேய்ந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும். எந்தப் பட்டறையிலும் நிற்க வைத்தே முடித்துக் கொடுப்பார்கள். பெரிய செலவில்லை. இன்றைக்கே செய்யுங்கள். அதுவரை உங்கள் மனைவியை அந்த வண்டியில் ஏற்றாதீர்கள். 5 மணிக்கு எழுந்து நீங்களே கொண்டுபோய் விடுங்கள்.

தோட்டத்தில் பிறந்தவர் நீங்கள். அங்கே மோட்டார் எதற்கு இருந்தது? ஹோண்டா சி70-இல் முன்னால் ஒரு பிள்ளை நிற்கும், பின்னால் மனைவி, அவள் மடியில் இன்னொன்று. பால் மரம் வெட்டப் போவதும் அதில்தான், பிரசவ வலி எடுத்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும் அதில்தான். ஞாயிற்றுக்கிழமை லயத்து வாசலில் உட்கார்ந்து செயினுக்கு எண்ணெய் விடுவார்கள், பிளக்கைக் கழற்றித் துடைப்பார்கள். அவர்களில் ஒருவர்கூட எனக்கு மோட்டார் என்றால் உயிர் என்று சொல்லி நான் கேட்டதில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, ஜனங்கள் தாமானுக்கு வந்தார்கள், வேலை தூரமானது, பெண்களும் வண்டி ஓட்ட ஆரம்பித்தார்கள். அந்தப் பெண்களின் வண்டியைப் பார்த்துக்கொள்வது மட்டும் பல வீடுகளில் யாருடைய வேலையும் இல்லாமல் போய்விட்டது. எனக்கு இதில்தான் கோபம்.

வண்டியின் அருமை அவருக்குத் தெரியாது என்கிறீர்கள். தினமும் இருட்டில் அதை நம்பிப் போகிறவருக்குத் தெரியாத அருமை யாருக்குத் தெரியும்? இன்னொன்றையும் அவரிடம் கேளுங்கள்: கேன்டீன் முதலாளி அவருக்குத் தொழிலாளர் பாதுகாப்புக் காப்புறுதியான சொக்சோ கட்டுகிறாரா? வேலைக்குப் போகிற வழியில் விபத்து நடந்தாலும் சொக்சோவில் பாதுகாப்பு உண்டு. பணம் கட்டவில்லையென்றால் இழப்பீட்டை வாங்குவதற்குள் அலைந்து ஓய்ந்துவிடுவீர்கள்.

சேமநிதிப் பணம் உங்கள் பெயரில் இருக்கலாம். அவர் கேன்டீனில் நின்று சம்பாதித்ததால்தான் அதைத் தொடாமல் 51 வயது வரை வந்தீர்கள். ஓய்வு பெற இன்னும் 9 வருஷம் இருக்கிறது. அப்படியும் எடுத்தே தீருவேன் என்றால், அதில் முதலில் அவருக்கு இஎக்ஸ்5 மாதிரிச் சின்ன வண்டி, நல்ல கப்சாய் ஒன்று வாங்குங்கள். எது என்று அவரே ஓட்டிப் பார்த்துச் சொல்லட்டும். சம்மதிக்க வைக்க நான் வழி சொல்லப் போவதில்லை. அவர் வேண்டாம் என்றது நியாயம்.

சரி, வண்டிக்கு வருவோம். கிளாசிக் 350-ஐ மறந்துவிடுங்கள். பி2 லைசென்ஸ் 250 சிசி வரைதான் செல்லும், இதற்கு அதற்கு மேற்பட்ட லைசென்ஸ் வேண்டும். உங்களிடம் எது இருக்கிறது என்றுகூட எழுதவில்லை. எடையும் ஏறக்குறைய 200 கிலோ. ஆர்எக்ஸ்இசட் 133 சிசி, உங்கள் லைசென்ஸுக்கு எப்படியும் அடங்கும். ஆனால் தயாரிப்பு நின்று பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. இளமை ஏக்கத்துக்கும் சேர்த்துத்தான் இப்போது விலை சொல்கிறார்கள். போலிச் சாமான் நிறைய நடமாடுகிறது, திருட்டு பயமும் உண்டு. அவருக்கு வண்டி வந்த பிறகு, சம்பளத்தில் மிச்சம் பிடித்து, அவர் சரி என்றால் வாங்குங்கள். பார்க்கப் போகும்போது பெயிண்டைப் பார்த்து மயங்காதீர்கள். இன்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியின் உரிமைப் பத்திரமான கெரானில் உள்ளபடி இல்லாவிட்டால், முன்பணம் கொடுக்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.