வகுப்பறைக் கேள்வி–பதில்: சிமுலேஷனில் எதற்கு மதிப்பெண்?

கேள்வி: பிளஸ் ஒன் மாணவர்களுக்கு ஃபெட் (PhET) என்ற இலவச அறிவியல் இணையதளத்தின் தனி ஊசல் சிமுலேஷனை, அதாவது கணினித் திரையிலேயே செய்யும் பரிசோதனையை, திறந்து கொடுத்தால், எல்லாவற்றையும் இழுத்துப் பார்த்துவிட்டுப் பத்து நிமிடத்தில் சலித்துப்போகிறார்கள். ஒவ்வொரு படியையும் தாளில் எழுதிக் கொடுத்தாலோ, யோசிக்காமல் அப்படியே செய்து முடிக்கிறார்கள். என்னதான் செய்வது? – இயற்பியல் ஆசிரியை, திருவாரூர்

பதில்: எதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள், எப்படி என்பதைச் சொல்லாதீர்கள். அந்தச் சிமுலேஷனில் ஈர்ப்பு விசைக்கான பட்டியலில் நிலா, பூமி, வியாழனோடு ‘பிளானட் எக்ஸ்’ என்று ஒன்றும் இருக்கிறது. அதன் ஈர்ப்பு முடுக்கம் எவ்வளவு என்று திரையில் வராது. “இந்தக் கோளின் ஈர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடி, உன் விடையை நான் ஏன் நம்ப வேண்டும் என்று எழுது.” கரும்பலகையில் இவ்வளவு போதும்.

முதல் ஐந்து நிமிடம் அவர்கள் இஷ்டப்படி இழுத்துப் பார்க்கட்டும். அது வீண் நேரம் அல்ல. என்னென்ன கருவிகள் இருக்கின்றன என்றே தெரியாதவர்களால் திட்டம் போட முடியாது. பிறகு மவுஸிலிருந்து கையை எடுக்கச் சொல்லி, எதை மாற்றப் போகிறேன், எதை மாற்றாமல் வைப்பேன், எதை அளப்பேன் என்று மூன்று வரி எழுத வையுங்கள். அதற்குப் பிறகு 20 நிமிடம் பரிசோதனை.

கணக்கு எளிது: நீளத்தை மீட்டரில் எடுத்து 39.5 ஆல் பெருக்கி, அலைவு நேரத்தின் (ஊசல் ஒருமுறை போய்த் திரும்பும் நேரம், விநாடியில்) வர்க்கத்தால் வகுத்தால் விடை வந்துவிடும். சோதனை முழுவதும் அளப்பதில்தான் இருக்கிறது. ஊசலை விட்டதும் ‘ஒன்று’ என்று எண்ணத் தொடங்கும் மாணவர் ஒன்பது அலைவுகளைப் பத்தாகக் கணக்கிடுவார். ஈர்ப்பு முடுக்கம் 23 சதவீதம் கூடுதலாக வரும். ‘பூஜ்யம்’ என்று தொடங்க வேண்டும். ஒரே ஓர் அலைவை மட்டும் அளந்தால் இன்னொரு சிக்கல்: அலைவு நேரம் 2 விநாடி என்றால், கடிகாரத்தை அழுத்துவதில் 0.2 விநாடி பிசகினாலே விடையில் ஏறக்குறைய 20 சதவீதம் பிசகும். பத்து அலைவுகளை அளந்தால் அது 2 சதவீதமாகக் குறைந்துவிடும். மெதுவாக ஓடும் வேகத்தைத் தேர்ந்தெடுத்தால் திரையிலுள்ள கடிகாரமும் மெதுவாகவே ஓடும். அழுத்தும் பிசகு இன்னும் சிறுக்கும். யாரும் சொல்லாமல் இதைக் கண்டுபிடிக்கும் மாணவரை வகுப்பில் எல்லோர் முன்னும் பாராட்டுங்கள்.

பலர் விழும் இடம் கோணம். நம் சூத்திரம் சிறிய கோணத்துக்கு மட்டுமே பொருந்தும். சிமுலேஷனோ உண்மையான ஊசலைப் போலவே நடந்துகொள்கிறது. 60 பாகையில் விட்டால் அலைவு நேரம் 7 சதவீதம் கூடும், 90 பாகையில் 18 சதவீதம். 90 பாகையில் அளந்தவருக்கு ஈர்ப்பு முடுக்கம் 28 சதவீதம் குறைவாகக் கிடைக்கும். 10 பாகைக்குள் வைத்தால் கவலையில்லை. இதை முன்கூட்டியே எச்சரிக்காதீர்கள். இரண்டு குழுக்களின் விடை வேறுபடும்போது, ஏன் என்று அவர்களே தேடட்டும். பாடத்தின் சாரமே அந்தத் தேடல்தான்.

கேள்வி: ஒருவர் விடை கண்டுபிடித்ததும் வகுப்பு முழுவதும் அதே எண்ணை எழுதுகிறது. இதற்கு எப்படி மதிப்பெண் போடுவது? – ஆசிரியர், மதுரை

பதில்: விடைக்குப் பத்தில் 2 மட்டும் கொடுங்கள். திட்டத்துக்கு 3. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினாரா என்பதற்கு 3. வேறொரு நீளத்தில் திரும்ப அளந்து சரிபார்த்ததற்கு 2. ஒவ்வொரு ஜோடிக்கும் வேறு நீளம் கொடுங்கள்: 0.40, 0.55, 0.70, 0.85 மீட்டர் என்று. கோள் ஒன்றுதான், ஆனால் அலைவு நேரங்கள் வெவ்வேறு. அடுத்த மேசையின் அட்டவணையைப் பார்த்து எழுதினால் கணக்கு ஒத்துவராது. திட்டத்தைப் பேனாவால் எழுதச் சொல்லுங்கள். மாற்ற நேர்ந்தால் அழிக்காமல் கோடிட்டு, காரணத்தைப் பக்கத்தில் எழுதட்டும். பாதி வழியில் திட்டத்தை மாற்றியதற்கு மதிப்பெண் குறைக்கக் கூடாது.

வழிமுறைக்கு மதிப்பெண் தருவது புதிய யோசனை அல்ல. 15 வயது மாணவர்களுக்காகப் பல நாடுகளில் நடத்தப்படும் பீசா (PISA) தேர்வில், 2012-இல், கணினியில் செய்யும் சிக்கல் தீர்க்கும் பகுதி ஒன்று இருந்தது. அதில் ஒரு வினா, கையேடு இல்லாத ஏ.சி. இயந்திரம். அதன் மூன்று குமிழ்களில் எது வெப்பநிலையை மாற்றுகிறது, எது ஈரப்பதத்தை மாற்றுகிறது என்று நகர்த்திப் பார்த்துக் கண்டுபிடித்து, படமாக வரைய வேண்டும். படம் தவறானாலும், குமிழ்களை ஒவ்வொன்றாக நகர்த்திச் சோதித்தவருக்குப் பகுதி மதிப்பெண் உண்டு. விடையை மட்டும் பார்த்தால் சரியாக யோசித்தவரும் குருட்டாம்போக்கில் அடித்தவரும் ஒன்றாகவே தெரிவார்கள்.

சீக்கிரம் முடித்ததற்கோ குறைவாகக் கிளிக் செய்ததற்கோ மதிப்பெண் வேண்டாம். நிதானமாகச் சரிபார்க்கும் பிள்ளைக்கு அது தண்டனையாகிவிடும். இரண்டு வாரம் கழித்து வேறொரு சிமுலேஷனைக் கொடுத்துப் பாருங்கள். சுருள்வில்லும் எடைகளும் உள்ளதில் நிறை குறிக்கப்படாத எடைகள் இருக்கின்றன. ஊசலில் கற்ற முறையை மாணவர் அங்கே கொண்டுவருகிறாரா என்பதில் கற்றல் தெரிந்துவிடும்.

கேள்வி: எங்கள் லேப்பில் இணையம் அடிக்கடி போய்விடுகிறது. கணினியும் பாதிப் பேருக்குத்தான். – ஆசிரியர், புதுக்கோட்டை

பதில்: ஃபெட்டின் புதிய சிமுலேஷன் ஒவ்வொன்றையும் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். பென்டிரைவில் எடுத்து எல்லாக் கணினிகளிலும் போட்டுவிட்டால், இணையம் இல்லாமலே உலாவியில் திறக்கும். பழைய ஜாவா வகையை விட்டுவிடுங்கள். சிலவற்றுக்குத் தமிழ்ப் பதிப்பும் உண்டு. ஒரு கணினிக்கு இரண்டு பேர் நல்லதுதான்: ஒருவர் மவுஸ், ஒருவர் பேனா. ஒவ்வோர் அளவீட்டுக்கும் பிறகு மாறிக்கொள்ள வேண்டும். மாற்றாவிட்டால் ஒருவர் கடைசிவரை வேடிக்கைதான் பார்ப்பார்.

கேள்வி: மின்சுற்றுப் பாடத்துக்குச் சிமுலேஷனே போதுமா? உண்மையான ஆய்வகம் தேவையா? – பெற்றோர், சேலம்

பதில்: இரண்டும் தேவை, சிமுலேஷன் முதலில் வரட்டும். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் நடந்து 2005-இல் வெளியான ஆய்வில், சிமுலேஷனில் மின்சுற்றுப் பழகியவர்கள், கருவிகளோடு பழகியவர்களைவிட உண்மையான சுற்றையும் நன்றாகவே அமைத்தார்கள். ஆனால் திரையில் கம்பி தளர்வதில்லை, மின்கலம் தானாகத் தீர்ந்துபோவதில்லை. அம்மீட்டரை மின்கலத்தின் இரு முனைகளுக்கும் நேராக இணைத்தால் திரையில் தீ காட்டும், அவ்வளவுதான். ஆய்வகத்தில் கருவியே போய்விடும். திரையில் சாதாரண பல்பின் மின்தடை மாறுவதில்லை. உண்மையான டங்ஸ்டன் இழை சூடாகும்போது மின்தடை பல மடங்கு உயரும். ஆகவே இரண்டு பல்பைத் தொடரிணைப்பில் போட்டு அளக்கும்போது ஆய்வக எண்கள் திரையோடு ஒத்துப்போகாது. அந்த வேறுபாட்டுக்குக் காரணம் எழுதச் சொல்வதே நல்ல தேர்வு வினா.