பி.ஆர்க் முடித்தவர் அமெரிக்காவில் ஹிஸ்டாரிக் பிரிசர்வேஷன் (பழைய கட்டடங்களைப் பேணும் துறை), கல்ச்சரல் ஸ்டடீஸ் (பண்பாட்டு ஆய்வு) இரண்டிலும் சேர்த்து முதுகலை படிக்கலாமா?

படிக்கலாம். ஆனால் இரண்டு துறையும் ஒரே ஆய்வேட்டில் வந்து சேர வேண்டும். ஆளுக்கொரு திசையில் இழுத்தால் கையில் இரண்டு சான்றிதழ் இருக்கும், வேலைக்கு ஒன்றுதான் உதவும். கல்ச்சரல் ஸ்டடீஸை மட்டம் தட்டுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம், கடைசிவரை படியுங்கள்.

முதலில் கணக்கு. ஒரு பட்டத்துக்கு 48 கிரெடிட் (பாடச்சுமையை எண்ணும் அலகு), இன்னொன்றுக்கு 36 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 84. அதில் 12 கிரெடிட்டை இரண்டு பக்கமும் எண்ண விட்டால் 72. பருவத்துக்கு 12 வீதம் ஆறு பருவம், அதாவது மூன்று வருடம். எந்தெந்தப் பாடம் இரண்டிலும் எண்ணப்படும் என்பதைச் சேருவதற்கு முன்பே இரு துறையிடமும் மின்னஞ்சலில் எழுதி வாங்கிவிடுங்கள். நடுவில் ஒரு பட்டத்தைக் கைவிட்டால் இந்தச் சலுகை போய்விடும். மற்றதன் முழுக் கிரெடிட்டையும் தனியாக முடிக்கச் சொல்வார்கள். உதவித்தொகை மூன்றாம் வருடமும் உண்டா என்பதையும் அதே மின்னஞ்சலில் கேளுங்கள்.

விசாவில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஓபிடி, அதாவது படித்த துறையில் வேலை செய்ய மாணவர் விசாவில் கிடைக்கும் அனுமதி, ஒரு கல்வி நிலைக்கு 12 மாதம்தான். இரண்டு முதுகலை வாங்கினாலும் நிலை ஒன்றே, ஆகவே 24 மாதம் வராது. அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளுக்கு ஓபிடியைக் கூட்டித் தரும் ஸ்டெம் நீட்டிப்பு கிடைக்குமா என்பது, விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் அச்சாகியிருக்கும் சிஐபி என்ற படிப்புக் குறியீட்டு எண்ணைப் பொறுத்தது, துறையின் பெயரைப் பொறுத்தது அல்ல. முழுநேர சிபிடி (படிக்கும்போதே செய்யும் பயிற்சி வேலை) 12 மாதம் ஆனால் அந்த நிலைக்கான ஓபிடியே கிடையாது.

வேலை பெரும்பாலும் ஆலோசனை நிறுவனங்களில்தான். 1966ஆம் ஆண்டு அமெரிக்கத் தேசிய வரலாற்றுச் சின்னப் பாதுகாப்புச் சட்டத்தின் 106ஆம் பிரிவுப்படி, மத்திய அரசின் பணமோ அனுமதியோ உள்ள திட்டம் எதுவானாலும் வரலாற்றுச் சின்னங்களை என்ன செய்யும் என்று பார்த்தாக வேண்டும். அந்த அறிக்கையை எழுத இந்த நிறுவனங்களுக்கு மத்திய அரசின் தகுதி வரையறைக்குள் வரும் ஆள் தேவை. கட்டடக்கலை வரலாற்றாளருக்கு, முதுகலை வழியில் வந்தால், அந்த வரையறை கேட்பது கட்டடக்கலை வரலாறு, கலை வரலாறு, ஹிஸ்டாரிக் பிரிசர்வேஷன் அல்லது நெருங்கிய துறையில் முதுகலைப் பட்டம். கூடவே அமெரிக்கக் கட்டடக்கலை வரலாற்றுப் பாடமும் படித்திருக்க வேண்டும். நம்மவர்கள் கோட்டை விடுவது இந்தக் கடைசி வரியில்தான். முதல் வருடமே அந்தப் பாடத்தை எடுத்துவிடுங்கள். கல்ச்சரல் ஸ்டடீஸ் என்ற பெயர் பட்டியலில் இல்லை. 'நெருங்கிய துறை' என்ற வாலைப் பிடித்து வாதாடலாம், அதை நம்பி இருக்க வேண்டாம்.

அப்புறம் எதற்கு அந்த இரண்டாவது பட்டம் என்றால், சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் உள்ள ஏஞ்சல் தீவைப் பாருங்கள். 1910 முதல் 1940 வரை அங்கே குடியேற்ற நிலையம் இருந்தது. அடைத்து வைக்கப்பட்ட சீனர்கள் தங்கும் கூடத்தின் மரச்சுவரில் கவிதைகளைச் செதுக்கினார்கள். நிர்வாகம் செதுக்கலைப் புட்டி வைத்து அடைத்து, மேலே பெயின்ட் அடித்தது. 1970இல், இடிக்கவிருந்த நிலையில், பூங்காக் காவலர் ஒருவர் கண்ணில் அது பட்டது. 1997இல் தேசிய வரலாற்றுச் சின்னம் ஆயிற்று. கட்டடக்கலைக் கண்ணால் மட்டும் பார்த்தால் அது சாதாரண மரக்கொட்டகை. கவிதையை மட்டும் படிப்பவருக்கு, மேலிருக்கும் பெயின்டைச் சுரண்டி எறியத் தோன்றும். ஆனால் அந்தப் பெயின்டும் சாட்சியம்தான். ஒரு துணுக்கை எடுத்துக் குறுக்குவெட்டாக நுண்ணோக்கியில் வைத்தால் எந்தப் பூச்சுக்குப் பின் எந்தப் பூச்சு என்று அடுக்கு வரிசை தெரியும். சுரண்டிய பிறகு எதை வைத்துப் படிப்பது?

வரலாற்று இடங்களுக்கான அமெரிக்கத் தேசியப் பதிவேட்டில் ஒரு கட்டடத்தைச் சேர்க்கும் விண்ணப்பத்திலும் இதே பிளவுதான். 7ஆம் பகுதி கட்டடத்தின் வருணனை, 8ஆம் பகுதி அதன் முக்கியத்துவம். ஆர்க்கிடெக்ட் 7இல் கட்டுமான வகை, ஜன்னல் கண்ணாடி எண்ணிக்கை என்று விளாசிவிட்டு, 8இல் 'அழகிய பழமையான கட்டடம்' என்று முடிப்பார். அதற்கு மதிப்பெண்ணும் இல்லை, பதிவும் இல்லை. கல்ச்சரல் ஸ்டடீஸ்காரர் 8இல் பத்துப் பக்கம் கோட்பாடு எழுதுவார். எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை அந்த இடம் முக்கியம் என்ற காலவரம்பைப் போட மறந்திருப்பார்.

ஆய்வகப் பாடத்தைத் தட்டிக்கழிக்காதீர்கள். பழைய சுண்ணாம்புச் சாந்தை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு கரைந்து மணல் தங்கும். மணலைச் சலித்து எடைபோட்டு விகிதம் காணலாம். சாந்தில் சிப்பித் துண்டு இருந்தால் அதுவும் கரையும், சுண்ணாம்பு உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். ஆகவே கரைக்கும் முன் லென்ஸில் பாருங்கள். அமிலத்தை நீரில் ஊற்றுங்கள், மறந்தும் மாற்றிச் செய்யாதீர்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அங்கே பேணுதல், பயன்பாட்டுக்கேற்பச் சீரமைத்தல், பழைய நிலைக்கு மீட்டல், மறுபடி கட்டுதல் என நான்குக்கும் தனித்தனி விதி உண்டு. நம் ஊரில் எல்லாமே 'புனரமைப்பு'. கருங்கல் தூணில் மணலைப் பீச்சியடித்து உளித்தடத்தையும் கல்வெட்டெழுத்தையும் மழுங்கடித்தாலும் புனரமைப்பு, சுண்ணாம்புக் காரையைக் கொத்திவிட்டு சிமெண்ட் பூசி ஈரத்தை உள்ளே பூட்டிவைத்தாலும் புனரமைப்பு. அந்தப் பழக்கத்தில் எஸ்ஓபியில் (சேர்க்கைக்கு எழுதும் நோக்க அறிக்கை) பக்கத்துக்குப் பக்கம் 'ரெனோவேஷன்' என்று எழுதிவிடாதீர்கள். செய்தது அந்த நான்கில் எது, எந்தக் கட்டடத்தில், எந்தச் சுவரில் என்று எழுதுங்கள்.