எப்படி நிறுத்தினாலும் ஆறு கேமரா: சுற்றுக்காட்சி வீடியோ பற்றிய கேள்வி–பதில்

பல கேமராக்களை ஒரே ரிக்கில் (தாங்கும் சட்டகத்தில்) பொருத்தி 360 டிகிரி வீடியோ எடுப்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: என்னிடம் கோப்ரோ ஹீரோ 4 கேமரா நான்கு இருக்கிறது. வட்டமாக நிறுத்தினால் 360 டிகிரி வீடியோவுக்குப் போதுமா?

பதில்: போதாது. 4:3 வைடு முறையில் இந்தக் கேமராவின் பார்வைக் கோணம் நீளப் பக்கம் 122.6 டிகிரி, குறுகிய பக்கம் 94.4 டிகிரி. படுக்கைவாட்டில் நான்கை நிறுத்தினால் வட்டம் மூடிவிடும். பக்கத்துக் கேமராவோடு 32 டிகிரி பொதுப் பகுதியும் கிடைக்கும். ஆனால் உச்சியிலிருந்து 43 டிகிரிக்கும், அடியிலிருந்து 43 டிகிரிக்கும் எதுவும் பதிவாகாது. அதை அடைக்க மேலே ஒன்று, கீழே ஒன்று. ஆக ஆறு. இதுதான் கனசதுர ரிக்.

செங்குத்தாக நிறுத்தினால் மேலும் கீழும் 29 டிகிரிதான் விடுபடும். ஆனால் நான்கு கேமராவில் பொதுப் பகுதி வெறும் 4.4 டிகிரி. அந்தக் கீற்றுக்குள் இரண்டு படத்துக்கும் பொதுவான அடையாளப் புள்ளிகளை, படங்களை இணைக்கும் மென்பொருள் எங்கே போய்த் தேடும்? ஐந்து வைத்தால் 22 டிகிரி, ஆறு வைத்தால் 34. இதிலும் ஆறில்தான் வந்து நிற்கிறோம்.

இரண்டில் எங்கள் ஓட்டு, கேமராக்களைச் செங்குத்தாக நிறுத்திய வளையத்துக்கே. கனசதுர ரிக்கில், பக்கத்துப் பக்கத்துப் படங்கள் சேரும் இணைப்புக் கோடுகள் குறுக்காகவும் ஓடும். அருகில் நிற்பவரின் முழங்காலிலோ நெற்றியிலோ ஒரு வெட்டு விழும். வளையத்தில் கோடுகள் எல்லாம் நெட்டுக்குத்து. ஆளை இரண்டு கோடுகளுக்கு நடுவே நிறுத்திவிட்டால் தொல்லை இல்லை. அடியில் விடுபடுவது எப்படியும் டிரைபாட் மறைக்கும் இடம்தான்.

ஒரு எச்சரிக்கை. எல்லாம் அளந்து செய்துவிட்டு, படம் எடுக்கும்போது 16:9 முறைக்கு மாற்றிவிடாதீர்கள். குறுகிய பக்கம் 69.5 டிகிரியாகச் சுருங்கிவிடும். ஆறு கேமரா இருந்தும் பொதுப் பகுதி 9.5 டிகிரிதான் மிஞ்சும்.

கேள்வி: தூரத்துக் கட்டடங்கள் அழகாகச் சேர்கின்றன. ஆள் அருகே வந்தால் கை இரண்டாகிறது, பாதி முகம் காணாமல் போகிறது. எந்த மென்பொருள் வாங்கினால் இது சரியாகும்?

பதில்: மென்பொருள் வாங்கி இதை முழுமையாகத் தீர்க்க முடியாது. இரண்டு லென்ஸும் இரண்டு இடத்திலிருந்து பார்க்கின்றன; அருகில் உள்ள பொருள் பின்னணிக்கு எதிரே இடம் மாறித் தெரிகிறது. இடமாறு தோற்றம் என்று பள்ளியில் படித்த அதே சங்கதி. லென்ஸ்களின் இடைவெளியைப் பொருளின் தூரத்தால் வகுத்தால் கோணப் பிழை ரேடியனில் (ஒரு ரேடியன் ஏறக்குறைய 57.3 டிகிரி) கிடைத்துவிடும்.

இடைவெளி 6 சென்டிமீட்டர் என்று வைப்போம். 1 மீட்டரில் நிற்பவருக்குப் பிழை 3.4 டிகிரி. 3840 பிக்சல் அகலமுள்ள இறுதிப் படத்தில் ஒரு டிகிரிக்கு 10.7 பிக்சல், ஆகவே 36 பிக்சல் விலகல். 3 மீட்டரில் 12 பிக்சல். 6 மீட்டரில் 6 பிக்சல். ஓரங்களைக் குழைத்துக் கலக்கும்போது இது பெரும்பாலும் மறைந்துவிடும்.

மென்பொருளால் செய்ய முடிந்தது ஒன்று உண்டு: எந்தத் தூரத்தில் பிழை பூஜ்யமாக இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது. 3 மீட்டருக்குச் சரிசெய்தால் 2 மீட்டரில் நிற்பவருக்கு 6 பிக்சல், 1.5 மீட்டரில் 12 பிக்சல் விலகும். அதற்கு விலையாகத் தூரத்துக் கட்டடங்கள் 12 பிக்சல் உடையும். ஆகவே முக்கிய ஆட்கள் எந்தத் தூரத்தில் நடமாடுவார்கள் என்று முதலில் முடிவு செய்து, அந்தத் தூரத்தில் ஒரு நாற்காலியோ கம்பமோ வைத்து அதைக்கொண்டு இணைப்பைச் சரிசெய்யுங்கள். தூரத்து மலையை வைத்துச் சரிசெய்துவிட்டு அருகில் உள்ளவரின் கை உடைகிறதே என்று கவலைப்படுவதுதான் பலரும் செய்வது.

ரிக்கில் செய்ய வேண்டியது லென்ஸ்களை நெருக்குவது. ஆறு கேமரா வளையத்தில், பக்கத்துப் பக்கத்து லென்ஸ்களின் இடைவெளியும் வளையத்தின் ஆரமும் ஒன்றே. செங்குத்தாக நிறுத்திய கேமராவின் அகலம் 41 மில்லிமீட்டர், தடிமன் 30 என்றால், முதுகுகள் ஒன்றோடொன்று முட்டும் நிலையில் முன்பக்கம் மையத்திலிருந்து ஏறக்குறைய 65 மில்லிமீட்டரில் வரும். இதற்கும் கீழே போக வழியில்லை. நீர்புகா உறையோடு பொருத்தினால் இது இன்னும் பல மில்லிமீட்டர் கூடும். உறையைக் கழற்றிவிடுங்கள்.

கேள்வி: லென்ஸ் எந்த இடத்திலிருந்து பார்க்கிறதோ, அந்தப் ‘பார்க்கும் புள்ளி’யை வீட்டில் எப்படி அளப்பது?

பதில்: கேமராவை நகர்த்து தட்டு உள்ள டிரைபாடில் பொருத்துங்கள். 30 சென்டிமீட்டரில் ஒரு மெல்லிய கம்பி, 5 மீட்டருக்கு அப்பால் ஒரு செங்குத்துக் கோடு. இரண்டும் ஒரே நேர்கோட்டில் தெரிய வேண்டும். டிரைபாடின் தலையை மட்டும் சுழற்றுங்கள். கம்பி கோட்டை விட்டு விலகினால், கேமராவை முன்னோ பின்னோ தள்ளி மறுபடி சுழற்றுங்கள். விலகாத நிலையில் சுழல் அச்சு நிற்கும் இடமே அந்தப் புள்ளி. நோடல் பாயிண்ட் என்று பலரும் சொல்வது இதைத்தான்.

அகன்ற கோண லென்ஸில் இந்தப் புள்ளி ஒரே இடத்தில் நிற்காது. ஓரத்துக்குப் போகப் போக முன்னால் நகரும். எனவே படத்தின் நடுவில் வைத்து அளந்தால் பயனில்லை. ஆறு கேமரா ரிக்கில் இணைப்புக் கோடு நடுவிலிருந்து 30 டிகிரி தள்ளி விழுகிறது. கம்பியை அந்தக் கோணத்தில் வைத்துத்தான் அளக்க வேண்டும்.

கேள்வி: எல்லாக் கேமராவையும் ஒரே ரிமோட்டில் தொடங்குகிறேன். ஆனாலும் நடப்பவர் கோட்டைக் கடக்கும்போது துள்ளுகிறார்.

பதில்: ரிமோட் பதிவைத் தொடங்குமே தவிர, ஃபிரேம்களை ஒரே நொடித்துளியில் நிறுத்தாது. கைதட்டல் ஒலியை வைத்து ஃபிரேமுக்கு ஃபிரேம் பொருத்தினாலும் அரை ஃபிரேம் வரை பிழை மிஞ்சும். நொடிக்கு 30 ஃபிரேமில் அது 16.7 மில்லிநொடி. நொடிக்கு 1.4 மீட்டர் வேகத்தில் நடப்பவர் அதற்குள் 2.3 சென்டிமீட்டர் நகர்ந்திருப்பார்; 3 மீட்டரில் அது 5 பிக்சல். 60 ஃபிரேமில் எடுத்தால் பாதியாகக் குறையும்.

நீண்ட பதிவில் இன்னொரு சிக்கல். கேமராக்களின் கடிகாரப் படிகங்கள் பத்து லட்சத்துக்கு 20 பங்கு கூடவோ குறையவோ ஓடும். ஒன்று முந்தி, மற்றொன்று பிந்தினால் ஏறக்குறைய 14 நிமிடத்தில் ஒரு முழு ஃபிரேம் விலகிவிடும். தொடக்கத்தில் மட்டுமல்ல, முடிவிலும் கைதட்டுங்கள். அதோடு ரிக்கை ஒருமுறை சட்டென்று இடவலமாகத் திருப்புங்கள். அந்த அசைவை எல்லாக் கேமராவிலும் ஒப்பிட்டால் கைதட்டலை விட நுட்பமாகப் பொருத்தலாம். வன்பொருள் ஒத்திசைவு உள்ள கேமரா கிடைத்தால் இந்தப் பாடு எதுவும் வேண்டாம்.

பெரும்பாலோர் கவனிக்காத ஒன்று: ரோலிங் ஷட்டர். சென்சார் வரிவரியாகப் படிக்கப்படுகிறது. கேமராவைச் செங்குத்தாக்கினால் அந்த வரிகள் இடமிருந்து வலமாகவோ வலமிருந்து இடமாகவோ ஓடும். முதல் கேமராவின் வலது ஓரம் கடைசியாகப் படிக்கப்படும்போது, அடுத்த கேமராவின் இடது ஓரம் முதலிலேயே படிக்கப்பட்டிருக்கும். துல்லியமாக ஒத்திசைத்த கேமராவிலும் கோட்டில் பொருள் துள்ளும். தீர்வு: ஒன்றுவிட்டு ஒரு கேமராவைத் தலைகீழாகப் பொருத்துங்கள். அப்போது ஒவ்வொரு கோட்டிலும் இரண்டு ஓரமும் ஒரே நேரத்தில் படிக்கப்படும். கேமரா எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால்தான் இது நடக்கும். ஐந்தை விட்டு ஆறுக்குப் போகச் சொல்வதன் காரணங்களில் இதுவும் ஒன்று. லென்ஸ் உடலின் நடுவில் இல்லாத கேமராவானால், தலைகீழாக்கிய மூன்றின் தாங்கிகளை உயர்த்தியோ தாழ்த்தியோ ஆறு லென்ஸையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். இல்லையென்றால் பக்கவாட்டுப் பிழையைக் குறைத்து, மேல்கீழ்ப் பிழையை விலைக்கு வாங்கியதாகிவிடும்.

கேள்வி: ரிக்கை 3டி பிரிண்டரில் பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கில் அச்சிடலாமா?

பதில்: அளவு சரிபார்க்கும் மாதிரிக்கு அச்சிடலாம். வெயிலில் வேண்டாம். பி.எல்.ஏ. 60 டிகிரி செல்சியஸ் அருகிலேயே இளகும், கேமராக்களும் சூடாகும். 60 மில்லிமீட்டர் தட்டின் ஒரு முனை 0.1 மில்லிமீட்டர் வளைந்தாலே 0.1 டிகிரி, அதாவது ஒரு பிக்சல் போய்விடும். அலுமினியம் நல்லது, முடியாவிட்டால் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்.

கேள்வி: ஒவ்வொரு கேமராவும் ஒவ்வொரு நிறத்தில், ஒவ்வொரு வெளிச்சத்தில் பதிவாகிறது.

பதில்: தானியங்கி அமைப்புகள் எல்லாவற்றையும் அணையுங்கள். சூரியனைப் பார்க்கும் கேமரா இருட்டாக்கும், நிழலைப் பார்ப்பது வெளிறச் செய்யும். வொயிட் பேலன்ஸ் ஆறிலும் ஒரே கெல்வின் எண், வெளிப்புறம் 5500. ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) ஒன்றே, ஷார்ப்னெஸ் மிகக் குறைவு. குழல்விளக்கு உள்ள அறையில் ஷட்டர் வேகத்தை மின்சாரத்தோடு பொருத்துங்கள்: 50 ஹெர்ட்ஸுக்கு 1/50 அல்லது 1/100, 60 ஹெர்ட்ஸுக்கு 1/60 அல்லது 1/120. இல்லையென்றால் ஒவ்வொரு கேமராவிலும் வெவ்வேறு இடத்தில் பட்டைகள் ஓடும்; பிறகு அதை நீக்குவது பெரும் பாடு.

கேள்வி: மின்சாரம், மெமரி கார்டு எவ்வளவு தேவைப்படும்?

பதில்: கேமராவுக்கு 5 வாட் என்று வைத்தால் ஆறுக்கு 30 வாட், 5 வோல்ட்டில் 6 ஆம்பியர். 100 வாட்-மணி பேட்டரி, மாற்றியின் இழப்பு போக, இரண்டே முக்கால் மணி நேரம் தாங்கும். மெல்லிய யூ.எஸ்.பி. ஒயரில் வோல்ட் இறங்கி ஒரு கேமரா மட்டும் நடுவில் அணைந்துபோவது வழக்கம். தடித்த, நீளம் குறைந்த ஒயர் போடுங்கள். வைஃபையை அணையுங்கள். தட்டின் நடுவைக் குடைந்து காற்றோட்டம் விடுங்கள்.

நொடிக்கு 60 மெகாபிட் வீதம் பதிவானால் ஆறு கேமராவும் சேர்ந்து மணிக்கு 162 ஜிகாபைட். கோப்பு 4 ஜிகாபைட்டில் முறிந்தால் ஏறக்குறைய 9 நிமிடத்துக்கு ஒன்று வீதம், ஆறு கேமராவுக்கும் ஒரே பெயர்களோடு குவியும். கேமராவிலும் கார்டிலும் 1 முதல் 6 வரை எண் ஒட்டுங்கள். நகலெடுக்கும்போது எண்ணுக்கு ஒரு தனி ஃபோல்டர்.

கேள்வி: இணைத்து முடித்து யூடியூபில் ஏற்றினால், சுழற்றிப் பார்க்க முடியாமல் நீட்டி நெளித்த படமாகவே தெரிகிறது.

பதில்: படத்தின் விகிதம் சரியாக 2:1 இருக்கிறதா என்று பாருங்கள், 3840 × 1920 போல. இருந்தால், இது கோளக் காட்சி என்று சொல்லும் மெட்டாடேட்டா கோப்பில் இல்லை. கூகுள் வெளியிட்ட இலவச ஸ்பேஷியல் மீடியா கருவியில் கோப்பைத் திறந்து அந்தத் தகவலைச் சேர்த்து, புதிதாகச் சேமித்து ஏற்றுங்கள். அதன் பிறகு எடிட்டரில் திறந்து மறுபடி ஏற்றுமதி செய்தால் மெட்டாடேட்டா அழிந்துவிடக்கூடும்; இந்த வேலையைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.